ஒரு பில்லுக்கு எத்தனை சதம்? மொத்தக் கடைக்குக் கிளவுட் சேர்வர் தேர்ந்த கணக்கு

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் இருக்கிற ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில் மென்பொருளை நான் பார்த்துக்கொள்கிறேன். அரிசி, பருப்பு, செத்தல் மிளகாய், வெங்காயம், டின்மீன் என்று ஹட்டன், வவுனியா, மட்டக்களப்புப் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் அங்கிருந்து சரக்குப் போகும். தலைமைக் கடை, கிளைகள், ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதிகளின் கைபேசிச் செயலி எல்லாம் ஒரே சேர்வரில் ஓடுகின்றன. அந்தச் சேர்வரை மாற்றி, மாத முடிவுக் கணக்கும் தடங்கல் இல்லாமல் முடிந்துவிட்டது. எதை அளந்தேன், எந்த அளவு ஒன்றுக்கும் உதவவில்லை, கடைசியில் எத்தனை ரூபா ஆகிறது என்பதை மறக்கும் முன் எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்கப் போகிறவருக்குப் பயன்படும்.

முதலில் சேர்வர் கடையின் மேல்மாடியிலேயே இருந்தது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது யூபிஎஸ் பெற்றரிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. அவசரத்துக்கு ஒரு சிறிய கம்பனியிடம் மலிவான மெய்நிகர் சேர்வர் ஒன்றை, அதாவது அவர்களுடைய பெரிய இயந்திரம் ஒன்றின் பங்கை, எடுத்து அதில் மென்பொருளை ஏற்றினோம். கரண்ட் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் காலை 9 மணிக்கும் 11.30க்கும் இடையில், சரக்கு ஏற்ற லொறிகள் வரிசையாக நிற்கும் நேரத்தில், பில் நகராது. முதலாளியின் தொலைபேசி அழைப்பு எப்போதும் ஒரே மாதிரித்தான்: "தம்பி, லொறி நிக்குது, பில் வரேல்லை. என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தேன். இயந்திரம் எதில் வேலையாக இருக்கிறது என்று காட்டும் டொப் கட்டளையில் 'எஸ்டி' என்று ஓர் எண் வரும். எங்கள் மெய்நிகர் சேர்வர் ஓடத் தயாராக நின்றும், கீழே இருக்கிற உண்மையான இயந்திரம் வேறு வாடிக்கையாளருக்கு நேரம் கொடுத்துக்கொண்டிருக்கிற விகிதம் அது. காலையில் அது 20 முதல் 30 சதவீதத்தில் நின்றது. மென்பொருளில் எதைத் திருத்தினாலும் இந்த எண் குறையாது. அதனால் இடம் மாறுவது என்று முடிவெடுத்தோம். "மாசம் எவ்வளவு போகும் எண்டு மட்டும் முதலே சொல்லிப்போடுங்கோ" என்றார் முதலாளி. அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு அளவையும்.

முதல் வேலை, இப்போதுள்ள சுமையைச் சரியாகப் பதிவது. சார் என்ற கருவி லினக்ஸில் வழமையாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவைதான் பதியும். அந்தப் பதிவில் எங்கள் காலைச் சுமை 35 சதவீதம் என்று அமைதியாகத் தெரிந்தது. விஎம்ஸ்டாட் என்ற இன்னொரு கருவியை ஒரு விநாடிக்கு ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தால் கதை வேறு. இருபது விநாடிக்கு முழு 100, பிறகு நாற்பது விநாடி சும்மா, திரும்பவும் 100. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பில் பொத்தானை அமுக்குகிறார்கள், பிறகு சாக்கு எண்ணப் போய்விடுகிறார்கள். இந்தக் கடையின் சுமையின் வடிவம் அதுதான். இதற்கு முன் பார்த்த எல்லா வரைபடங்களிலும் அது சராசரிக்குள் மறைந்து கிடந்தது. 24 மணித்தியாலத்துக்கும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 9 சதவீதம்தான்.

கூடவே கடையில் பில் மேசைக்குப் பக்கத்தில் நின்று, எவ்வளவு தாமதத்தைத் தாங்கலாம் என்றும் பார்த்தேன். பில் போடும் பொடியன் முந்தின தாளைக் கிழித்து, முத்திரை குத்தி, ஆளிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப ஏறக்குறைய மூன்று விநாடி. அதற்குள் அடுத்த பில் வந்தால் அவருக்குத் தாமதமே தெரியாது. ஆகவே இலக்கை இப்படி வைத்தேன்: நூறு பில்லில் 95 பில்லாவது மூன்று விநாடிக்குள் வரவேண்டும்.

அடுத்தது ஊர். எங்கள் காப்புப் பிரதிகள் ஏற்கெனவே அமேசானின் சிங்கப்பூர் எஸ்3 கிடங்கில் இருந்தன, அதனால் அமேசான் வாடகைக்கு விடும் ஈசி2 சேர்வர் வகைகளுக்குள்ளேயே தேடினேன். மும்பையா சிங்கப்பூரா என்பதுதான் கேள்வி. வரைபடத்தில் மும்பை கிட்ட. கல்கிசையில் இருந்து தூத்துக்குடிக்கு 2006இல் போட்ட கடலடிக் கேபிளும் இருக்கிறது. ஆனால் தரவு போகும் பாதையைக் காட்டும் எம்டிஆர் கட்டளையைக் கடையின் ஃபைபர் இணைப்பில் இருந்து ஓட்டிப் பார்த்தபோது, மும்பைக்கான பாதை சிங்கப்பூர் போய்த்தான் திரும்பியது. சிங்கப்பூருக்கு 50 மில்லிவிநாடிக்குக் கிட்ட, மும்பைக்கு அதன் இரட்டிப்புக்குச் சற்றுக் குறைவு. கொழும்பில் இறங்கும் சீமீவீ 4, மாத்தறையில் இறங்கும் சீமீவீ 5 என்ற கடலடிக் கேபிள்கள் இரண்டும் சிங்கப்பூருக்குப் போகின்றன. ஒன்று அறுந்தால் மற்றது என்ற ஆறுதலும் உண்டு. சிங்கப்பூர் என்று முடிவு. மும்பையில் ஆர்ம் சில்லு வகைகளின் விலை இன்னும் குறைவு என்பதையும் குறித்து வைத்துக்கொண்டேன்.

இனி வகைகள். பொதுப் பயன்பாட்டு வகைகளில் 'லார்ஜ்' அளவில் எல்லாமே 2 விசிபியு (மெய்நிகர் சிபியு), 8 கிகாபைட் நினைவகம். எங்கள் தரவுத்தளம் 11 கிகாபைட், அதில் நாளாந்தம் தொடுவது 3 கிகாபைட் அளவு. எனவே 4 கிகாபைட் உள்ள 'மீடியம்' அளவைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டேன். சிங்கப்பூர் விலைப்பட்டியலில் ஒரு மணித்தியாலத்துக்கு டொலர் கணக்கில் எம்5 0.12, எம்7ஐ 0.126, எம்6ஜி 0.096, எம்7ஜி 0.102, டி3 0.1056, டி4ஜி 0.0848. பெயரில் 'ஜி' இருந்தால் அது அமேசானின் சொந்த கிராவிட்டன் சில்லு, ஆர்ம் கட்டமைப்பு. மற்றவை இன்டெல், எம்7ஐயில் உள்ள 'ஐ' அதைத்தான் குறிக்கிறது. 'டி' என்று தொடங்கினால் செலவழிக்காத சிபியு நேரத்தைச் சேமித்து வைத்துப் பிறகு பாவிக்கிற வகை.

சிஸ்பெஞ்சை நம்ப முடியவில்லை

எல்லாரும் தொடங்குவதுபோல் நானும் சிஸ்பெஞ்ச் என்ற வேகச் சோதனைக் கருவியில் தொடங்கினேன். பகா எண் தேடும் சிபியு சோதனை, உச்சம் 20000. ஆர்ம் இயந்திரங்கள் இன்டெல்லைப் பல மடங்கு தாண்டி நின்றன. மூன்றில் ஒரு பங்கு விலைக்கு எடுத்துவிடலாம் போலத் தோன்றியது. ஆனால் ஜாங்கோவில் எழுதிய எங்கள் பில் நிரலில் ஒரு பில்லை மட்டும் போட்டுப் பார்த்தால் எம்5இல் 1.6 விநாடி, எம்6ஜியில் 1.7. வித்தியாசமே இல்லை, இன்டெல் ஒரு நூல் முந்துகிறது. அந்தச் சோதனை வகுத்தல் கட்டளை ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டுகிறது, வகுத்தலை ஒவ்வொரு சில்லும் வேறு விதமாகச் செய்கிறது. ஒரே குடும்பத்துச் சில்லுகளை ஒப்பிட அது போதும். ஆர்மையும் இன்டெல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது உதவாது. அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

தரவுத்தளத்தின் வேகத்தை அளக்கும் பிஜிபெஞ்ச் கொஞ்சம் பயன்பட்டது. அளவுக் காரணி 100 கொடுத்தால் ஒரு கோடி வரிசைகள், ஏறக்குறைய ஒன்றரைக் கிகாபைட். அது முழுவதும் 8 கிகாபைட் நினைவகத்துக்குள் அடங்கிவிடுகிறது, ஆகவே வட்டு எப்படி என்று அது எதுவும் சொல்லாது. எங்கள் வேலையில் தரவுத்தளத்தின் பங்கு கால்வாசிதான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மிச்சம் முக்கால்வாசியும் மும்மொழியில் பில்லைப் பிடிஎஃப் ஆக்குவதில் போகிறது.

ஆகவே கடையின் ஒரு காலைப் பொழுதையே சோதனையாக்கினேன். சேர்வர் பதிவுக் கோப்பில் இருந்து நெரிசலான ஒரு காலையின் கோரிக்கைகளை எடுத்து, அவற்றுக்கிடையில் இருந்த அதே நேர இடைவெளிகளுடன் திரும்ப அனுப்பும் ஒரு சிறிய பைதன் நிரல். கடைப் பெயர்கள், தொலைபேசி எண்கள், கடன் எல்லைகளை எல்லாம் மாற்றிய பிறகே தரவை வெளியே எடுத்தேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு மொத்தக் கடையில் யாருக்கு எவ்வளவு கடன் என்பது வெளியே போகக் கூடாத விடயம். இந்த நிரலை எழுதச் செலவழித்த நேரம்தான் முழு வேலையிலும் பெறுமதியான நேரம். அதற்குப் பிறகு வந்த எண்கள் எல்லாம் கடையின் எண்கள்.

முதல் ஓட்டத்தில் எல்லா இயந்திரமும் மோசமாக இருந்தது. அதே இயந்திரத்தில் இரண்டாம் தடவை ஓட்டினால் இரு மடங்கு வேகம். காரணம் வட்டு. ஸ்னாப்ஷொட்டில் (வட்டின் ஒரு நேரப் பிரதியில்) இருந்து உருவாக்கிய ஈபிஎஸ் வட்டு, அதாவது அமேசானின் மெய்நிகர் வட்டு, தரவை எஸ்3இல் இருந்து கேட்கக் கேட்கத்தான் இறக்கும். ஒரு பகுதியை முதல் தடவை தொடும்போது தாமதம் வரும். ஃபியோ என்ற கருவியால் முழு வட்டையும் ஒரு தடவை வாசித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். 60 கிகாபைட் வட்டுக்கு ஒரு தேநீர் குடிக்கும் நேரத்துக்கு மேல் எடுத்தது. ஆனால் இதைச் செய்யாவிட்டால் எந்த எண்ணிலும் பொருளில்லை.

இன்னொன்றும் வட்டில்தான் அகப்பட்டது. பழைய வார்ப்புருவில் இருந்து எடுத்ததால் வட்டு ஜிபி2 வகையில் வந்திருந்தது. அந்த வகையில் ஒரு கிகாபைட்டுக்கு விநாடிக்கு 3 வாசிப்பு-எழுத்துத்தான் நிலையான உரிமை. 60 கிகாபைட்டுக்கு 180. அதற்கு மேல் சேமிப்பில் இருந்து 3000 வரை போகலாம், முழு வேகத்தில் போனால் அரை மணித்தியாலத்தில் சேமிப்புத் தீரும். எங்கள் மாத முடிவுக் கணக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். 2020 டிசம்பரில் வந்த ஜிபி3 வகையில் எந்த அளவு வட்டுக்கும் 3000 நிலையாக உண்டு, விலையும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இயந்திரத்தை நிறுத்தாமலே வகையை மாற்றலாம். மாற்றினேன், மாத முடிவு ஓட்டம் கடைசிவரை ஒரே வேகத்தில் போனது.

இரண்டு விசிபியு என்றால் எல்லாவற்றிலும் இரண்டு அல்ல

அளவுகள் சுவாரசியமானது இங்கேதான். ஒரு பில் மட்டும் போட்டால்: எம்5 1.6 விநாடி, எம்7ஐ 1.2, எம்6ஜியும் டி4ஜியும் 1.7, எம்7ஜி 1.3. இதைப் பார்த்தால் எம்7ஐ வாங்கத் தோன்றும். நான்கு பேர் ஒரே நேரத்தில் விடாமல் பில் போட்டால் நிமிடத்துக்கு எத்தனை பில் வெளியே வருகிறது? எம்5 47, எம்7ஐ 62, எம்6ஜி 68, எம்7ஜி 89. வரிசையே மாறிவிட்டது.

எம்5, எம்7ஐ போன்ற இன்டெல் வகைகளில் ஒரு விசிபியு என்பது ஒரு மையத்தின் (சில்லுக்குள் கணக்குச் செய்யும் 'கோர்') ஒரு இழை. இரண்டு விசிபியு என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே மையம். ஒரு அடுப்பில் இரண்டு சட்டியை மாற்றி மாற்றி வைப்பதுபோல. ஒன்று ஓய்ந்திருக்கும்போது மற்றது சூடேறும், இரண்டும் ஒரே நேரத்தில் கொதிக்க வேண்டுமென்றால் இழுபடும். கிராவிட்டனில் ஒரு விசிபியு ஒரு முழு மையம். எங்கள் கடையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில்தான் அமுக்குகிறார்கள். தனி ஒரு பில்லின் வேகத்தை வைத்து இயந்திரம் வாங்கியிருந்தால், கூடுதல் காசு கொடுத்துக் குறைந்ததை வாங்கியிருப்போம். எல்எஸ்சிபியு கட்டளையில் 'ஒரு மையத்துக்கு எத்தனை இழை' என்ற வரியைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். எந்த இயந்திரம் எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டிய வரி அது.

இந்த எண்களை வைத்து ரூபாக் கணக்குப் போட்டேன். டொலர் 300 ரூபா என்று வைத்தால், முழு வேகத்தில் ஓடும்போது ஆயிரம் பில்லுக்கு எம்5இல் 12 ரூபா 80 சதம், எம்7ஐயில் 10 ரூபா 15 சதம், எம்6ஜியில் 7 ரூபா, எம்7ஜியில் 5 ரூபா 75 சதம். எம்7ஜி தெளிவாக வென்றது. கணக்கப்பிள்ளை ஐயாவிடம் தாளைக் காட்டினேன். அவர் மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது சரி. இரவிலை ஆர் தம்பி பில் போடுறது?"

முழுக் கணக்கும் அந்தக் கேள்வியில் திரும்பியது. மணித்தியால விலையை முழு வேக உற்பத்தியால் வகுத்தால் வருவது தொழிற்சாலைக் கணக்கு. கடை ஒரு நாளில் ஆயிரத்துச் சொச்சம் பில் போடுகிறது. மாதத்துக்கு 25 வேலை நாள் என்றால் 27,500 அளவு. இயந்திரமோ மாதம் 730 மணித்தியாலமும் காசு கேட்கிறது. எம்7ஜி மாதம் 74 டொலர் 46 சதம், ரூபாயில் 22,300. ஒரு பில்லுக்கு 81 சதம். முழு வேகக் கணக்கில் ஒரு பில் அரைச் சதத்தைச் சற்றுத் தாண்டியது, உண்மையில் அதைப்போல் நூற்று நாற்பது மடங்கு. நாங்கள் கட்டும் காசில் பெரும்பங்கு இயந்திரம் சும்மா இருப்பதற்கு. ஆகவே தேட வேண்டியது மிக அதிகமாகப் பில் போடக்கூடிய இயந்திரத்தை அல்ல. மூன்று விநாடி இலக்கைக் காப்பாற்றிக்கொண்டு, சும்மா இருக்கும் நேரத்துக்கு மிகக் குறைவாகக் காசு கேட்கும் இயந்திரத்தை.

அப்படிப் பார்த்தால் டி வகைகள் முன்னுக்கு வருகின்றன. அவற்றைப் பற்றி எனக்கு ஒரு பயம் இருந்தது. சேமிப்புத் தீர்ந்தால் இயந்திரம் அடிமட்ட வேகத்துக்கு விழும் என்று பலரும் சொல்வார்கள். டி3யிலும் டி4ஜியிலும் 'அன்லிமிட்டெட்' நிலைதான் இயல்பாக வரும். அதில் வேகம் விழாது, கூடுதலாகப் பாவித்த நேரத்துக்குக் காசு பிடிப்பார்கள். டி3க்கு ஒரு விசிபியு மணித்தியாலத்துக்கு 5 அமெரிக்கச் சதம், டி4ஜிக்கு 4. எவ்வளவு பிடிபடும் என்று தாளில் போட்டுப் பார்த்தேன்.

ஒரு கிரெடிட் என்பது ஒரு விசிபியு ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடுவது. லார்ஜ் அளவுக்கு மணித்தியாலத்துக்கு 36 கிரெடிட் சேரும், அதிகபட்சம் 24 மணித்தியாலச் சேமிப்பு, அதாவது 864. சாதாரண நாளில் எங்கள் சராசரி 9 சதவீதம், அடிமட்ட உரிமை 30 சதவீதம். சேமிப்பு எப்போதும் நிறைந்தே கிடக்கும். பண்டிகைக் காலத்தை எடுப்போம். சித்திரை வருடப்பிறப்புக்கு முன், தீபாவளிக்கு முன், நத்தாருக்கு முன். காலையில் இருந்து இரவு வரை பத்து மணித்தியாலம் இரண்டு விசிபியுவும் 80 சதவீதத்தில் நின்றால் மணித்தியாலத்துக்கு 96 கிரெடிட் போகும், 36 வரும், பத்து மணித்தியாலத்தில் 600 குறையும். மிச்சப் பதினான்கு மணித்தியாலத்தில், அப்போது செலவாகும் கொஞ்சத்தைக் கழித்து, 420 திரும்பச் சேரும். நாளொன்றுக்கு 180 துண்டு விழுகிறது. பகலில் கடன் வாங்கி இரவில் அடைப்பதையும் சேர்த்துப் பார்த்தால், நிறைந்த சேமிப்பு நான்கு நாளுக்கு மேல் தாங்கும். அதற்குப் பிறகும் அந்த 180 கிரெடிட் மூன்று விசிபியு மணித்தியாலம்தான். டி4ஜியில் 12 அமெரிக்கச் சதம், 36 ரூபா. ஒரு பிளேன்டிக்குக் கொடுக்கிற காசு அளவில் முடிந்த விடயத்துக்கா இவ்வளவு பயந்தேன் என்று தோன்றியது.

எல்லாருக்கும் டி சரி என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. சிங்கப்பூர் விலையில் டி3 லார்ஜுக்கும் எம்5 லார்ஜுக்கும் வித்தியாசம் மணித்தியாலத்துக்கு 1.44 அமெரிக்கச் சதம். அதை 5 சதத்தால் வகுத்து இரண்டு விசிபியுவுக்குப் பிரித்தால் 14.4 சதவீதம். 30உடன் கூட்டினால் 44. நாள் முழுவதும் சராசரி 44 சதவீதத்துக்கு மேல் ஓடுகிற சேர்வருக்கு டி3 எம்5ஐவிடக் கூடுதலாகவே பிடிக்கும். டி4ஜியை எம்7ஜியுடன் இதே மாதிரி ஒப்பிட்டால் எல்லை 51. உங்கள் சராசரி அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று பார்த்தால் போதும், வேறு வாதம் தேவையில்லை. டி வகையை, சேமிப்புத் தீர்ந்தால் வேகம் விழும் 'ஸ்டாண்டர்ட்' நிலையில் வைத்து அளக்கவும் கூடாது. டி3, டி4ஜி புதிதாகத் தொடங்கும்போது சேமிப்புப் பூச்சியம், அடிமட்ட வேகத்தைத்தான் அளப்பீர்கள்.

காலைப் பொழுதைத் திரும்ப ஓட்டியதில் வேக வரிசையில் நூறில் 95ஆவது பில் வந்த நேரம்: பழைய சேர்வரில் 6.8 விநாடி, எம்5இல் 3.4, எம்7ஐயில் 2.7, எம்6ஜியிலும் டி4ஜியிலும் 2.6, எம்7ஜியில் 1.9. இலக்கு மூன்று. டி4ஜி உள்ளே நிற்கிறது, எம்7ஜியை விட மாதம் பன்னிரண்டரை டொலர், அதாவது 3,770 ரூபா குறைவு. அதையே எடுத்தோம்.

சோதனைச் செலவு பற்றி ஒரு வார்த்தை. லினக்ஸ் இயந்திரங்களுக்கு விநாடிக் கணக்கில்தான் பிடிப்பார்கள், குறைந்தது ஒரு நிமிடம். ஆறு வகையையும் ஒவ்வொன்றாகச் சில மணித்தியாலம் ஓட்டியதற்கு வட்டுகளும் சேர்த்து ஐந்து டொலர் வரவில்லை. இயந்திரத்தை நிறுத்தி வைத்தாலும் வட்டுக்குக் காசு ஓடும், ஆகவே அளந்து முடிந்ததும் வட்டோடு அழித்துவிட வேண்டும்.

இடமாற்றம்

ஆர்முக்கு மாற்றுவதில் தடை வரும் என்று நினைத்த இடத்தில் வரவில்லை. பைதன், தரவுத்தள மென்பொருள் போஸ்ட்கிரெஸ், இணையச் சேர்வர் மென்பொருள் இஞ்ஜின்எக்ஸ் எல்லாம் அப்படியே வந்தன. இன்டெல்லுக்கு மட்டும் கட்டிய ஒரு பழைய பார்கோடு நிரலை மூலத்தில் இருந்து திரும்பக் கட்டினேன். கவனமாகப் பார்த்தது எழுத்துத்தான். பில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சாகிறது. புதிய இயந்திரத்தில் எழுத்துக்களை அடுக்கும் நூலகத்தின் பதிப்பு வேறு. கொம்பு எழுத்தின் முன் விழுகிறதா, 'ஸ்ரீ' உடையாமல் வருகிறதா, சிங்களக் கூட்டெழுத்துக்கள் சரியா என்று பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து கணக்கப்பிள்ளை ஐயாவும் சிங்களம் நன்றாக வாசிக்கும் கிளைப் பொறுப்பாளரும் பார்த்தார்கள். கடை தன் பெயரை மூன்று மொழியிலும் சரியாகப் பார்க்க வேண்டும். அதில் நான் சமரசம் செய்யமாட்டேன்.

அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது: ஒவ்வொரு பில்லுக்கும் எழுத்துருக் கோப்புகள் புதிதாக ஏற்றப்படுகின்றன. ஒரு தடவை ஏற்றி நினைவில் வைத்திருக்கும்படி மாற்றினேன். 1.7 விநாடி 0.7 ஆகிவிட்டது. காலைப் பொழுதின் 95ஆவது பில் 1.1 விநாடி. எந்த இயந்திரமும் தராத வேகம். அடுத்த முறை இயந்திரங்களை அளக்கும் முன், நிரலின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் பைதன் நேர அளவியை ஒரு பில்லுக்கு ஓட்டிப் பார்ப்பேன்.

இடம் மாற்றியது ஒரு போயா விடுமுறையில். இன்டெல்லில் இருந்து ஆர்முக்குத் தரவுக் கோப்புறையை அப்படியே தூக்கி வைக்கக் கூடாது. பிஜிடம்ப்பால் வெளியே எடுத்து, பிஜிரிஸ்டோரால் உள்ளே ஏற்ற வேண்டும். அடைவு வடிவத்தில் எடுத்தால் இரண்டு பக்கமும் பல வேலைகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டலாம். 11 கிகாபைட்டுக்கு அரை மணித்தியாலத்துக்குள் முடிந்தது. பிறகு எல்லா அட்டவணைக்கும் அனலைஸ் (தரவுத்தளம் தன் புள்ளிவிவரங்களைப் புதுப்பிக்கும் கட்டளை), வரிசை எண்ணிக்கை ஒப்பீடு, முந்தின நாள் கணக்கு மிச்சம் ஒப்பீடு. சேர்வரின் முகவரியைக் கைபேசிகள் நினைவில் வைத்திருக்கும் டிஎன்எஸ் காலத்தை முதலே ஐந்து நிமிடமாகக் குறைத்து வைத்திருந்ததால் பிரதிநிதிகளின் கைபேசிகள் தானாகப் புது இடத்துக்கு வந்தன.

இப்போதைய மாதக் கணக்கு: டி4ஜி லார்ஜ் 61 டொலர் 90 சதம். ஜிபி3 வட்டு 60 கிகாபைட், 5.76. ஸ்னாப்ஷொட்டுகள் 2 டொலர் அளவு. பொது ஐபி முகவரிக்கு 3.65, 2024 பெப்ரவரியில் இருந்து ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணித்தியாலத்துக்கு அரை அமெரிக்கச் சதம் பிடிக்கிறார்கள், பழைய கணக்குப் பதிவுகளில் இந்த வரி இராது. மொத்தம் 73 டொலர் 30 சதம், 22,000 ரூபா. வங்கி கார்டில் பிடிக்கும் விகிதம் சந்தை விகிதத்தைவிடச் சற்று மேல், அதை முதலாளியிடம் தனியாகச் சொல்லி வைத்தேன். ஒரு பில்லுக்கு 80 சதம். அந்தப் பில்லை அச்சடிக்கும் தாளின் விலை அதைவிடக் கூட.

இவ்வளவு பாவிப்போம் என்று அமேசானுக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுக்கும் ஓராண்டு சேமிப்புத் திட்டத்தில் கையெழுத்திட்டால் இயந்திரச் செலவு கணிசமாகக் குறையும், மூன்றாண்டுக்கு இன்னும் குறையும். முதலாளி உடனே கேட்டார்: "டொலர் திரும்ப ஏறினா?" 2022இல் 200 ரூபாவில் நின்ற டொலர் சில வாரத்தில் 350ஐத் தாண்டியதை இறக்குமதிக் கடை எதுவும் மறக்காது. திட்டத்தில் நாங்கள் வாக்குக் கொடுப்பது டொலரில், வருமானம் ரூபாவில். மூன்றாண்டு வேண்டாம் என்று இருவருமே நினைத்தோம். ஒரு தீபாவளி நெரிசலையும் நத்தார் நெரிசலையும் இந்த இயந்திரம் தாண்டட்டும், அதன் கிரெடிட் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஓராண்டுத் திட்டத்தை எடுப்போம்.

செய்ய வேண்டியவை இன்னும் உண்டு. சார் பதிவைப் பத்து விநாடிக்கு மாற்றியாகிவிட்டது. கடையின் இணைய இணைப்பின் பாதை மாறுகிறதா என்று மாதம் ஒரு தடவை எம்டிஆர் ஓட்டுகிறேன். மும்பைக்கு நேர்ப் பாதை கிடைக்கும் நாளில் கணக்கைத் திரும்பப் போடுவேன். இப்போது கண் வைத்திருப்பது வெளியே போகும் தரவில். மாதம் முதல் 100 கிகாபைட் இலவசம், அதற்கு மேல் சிங்கப்பூரில் கிகாபைட்டுக்கு 12 அமெரிக்கச் சதம். பிரதிநிதிகளின் செயலியில் பொருட்களின் படங்கள் ஒவ்வொன்றும் இரண்டு மெகாபைட் அளவில் இருக்கின்றன, போன மாதம் 88 கிகாபைட் வரை போய்விட்டது. இந்த வாரம் அந்தப் படங்களைச் சிறிதாக்குகிறேன்.